ஒற்றைத் தும்மலில் இத்தாலி

பயந்தவனுக்கு ஒன்றும் நடக்காது என்று ஊரிலே சொல்லுவார்கள். பிழை. பயந்தவனுக்குத்தான் எல்லாம் நடக்கும். துணிந்தவனுக்கு நடந்தால் அதற்குப் பெயர் அனுபவம்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சோதனைக்குப் பயந்து விட்டான் என்று வீட்டிலே சொல்லுவார்கள். அதுவும் பிழை. சோதனை முடிவுக்குப் பயந்துதான் விட்டேன். எண்பதுகளின் நடுவிலே, சுவிசில், துன் நகரத்து ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம். சட்டைப் பையிலே ஒரு அட்டை. அது இருந்தால் சுவிசுக்குள் இருக்கலாம், வேலை செய்யலாம். எல்லைக்கு வெளியே ஒரு கால் வைத்தால் விண்ணப்பம் செத்துவிடும், பிறகு திருப்பி ஊருக்குத்தான் என்று எங்கள் ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள். ஊரிலே சண்டை. ஆகவே எல்லை என்ற சொல்லைக் கேட்டாலே நான் இரண்டு அடி பின்னுக்குப் போவேன். ஏரியில் படகுச் சவாரிக்குக் கூப்பிட்டாலும் மற்றக் கரை எந்த நாடு என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவேன். (மற்றக் கரையும் சுவிஸ்தான். ஏரி முழுக்கச் சுவிஸ்தான். இருந்தாலும்.)

அந்தக் கோடையிலே ரவி வந்தான். என்னோடு ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்தவன். நான் எழும்பிப் போன பிறகும் அவன் அந்த வாங்கிலேயே இருந்து படித்து, லண்டனிலே பொறியியல் படிக்கப் போய்விட்டான். கூடவே இரண்டு கல்லூரிக் கூட்டாளிகள்: சென்னைப் பையன் பாலாஜி, டேவிட் என்ற வெள்ளைக்காரன். விடுமுறைக்கு முதுகிலே பையைக் கட்டிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றுகிறார்களாம். எந்த ரயில் கோச்சியிலும் ஏறலாம் என்று ஒரு சீட்டு வைத்திருந்தார்கள். ஸ்டேசன் வாங்குகளிலே படுத்தோம், பாணும் சீசும் தின்றோம், பாரிசிலே மழையில் நனைந்தோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். நானும் முதுகிலே பையோடு ஐரோப்பாவைச் சுற்றினவன்தான். ஆனால் பெரும்பாலும் இரவிலே, லொறிக்குள்ளே, படம் எடுக்காமல்.

ஹோட்டல் கூரைக்குக் கீழே எனக்குத் தந்திருந்த அறையில் மூன்று பேரும் நிலத்திலே படுத்தார்கள். அவர்களுடைய சப்பாத்துகளை நான் யன்னலுக்கு வெளியே வைத்தேன். யன்னலுக்கு வெளியே இருந்த புறாக்கள் வேறு இடம் போய்விட்டன. நான் இடியப்பமும் சம்பலும் செய்து கொடுத்தேன். பாலாஜி ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுக்குச் சட்னி இல்லீங்களா?" என்று கேட்டான். சம்பலைக் காட்டினேன். இது சட்னி இல்லை என்றான். அன்றிலிருந்து அவனும் ரவியும் மொழி, சாப்பாடு, தேத்தண்ணி எதிலும் ஒத்துப்போகவில்லை. டேவிட் மட்டும் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். அவனுக்குப் புல்லுக் காய்ச்சல், புல்லுப் பூத்தாலே மூக்கு ஒழுகும். சுவிசிலே புல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது, பாவம்.

அவர்கள் இத்தாலிக்கு வெளிக்கிட்ட நாள் எனக்கு லீவு. துன் ஸ்டேசனிலேயே கை காட்டினால் போதும் என்றான் ரவி. எங்கள் ஆட்கள் அப்படி வழியனுப்புவதில்லை. போகக்கூடிய தூரம் வரைக்கும் கூடப்போய்த்தான் விடுவோம். அதோடு இவர்கள் பிறிக் ஸ்டேசனிலே கோச்சி மாறவேண்டும். மூன்று நாட்டைத் தனியாகக் கடந்து வந்தவர்கள் நாலாவதுக்கு மாறத் தெரியாமல் நிற்பார்கள் என்று எனக்கு இரவு முழுக்க நித்திரையில்லை. சோற்றுப் பார்சல் கட்டி, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றி, பிறிக் வரைக்கும் போய்வர எனக்கொரு ரிக்கற் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். இருந்த ஒரே நல்ல கோட்டையும் போட்டேன்.

பிறிக் சுவிசின் கடைசிப் பெரிய ஸ்டேசன். அதற்கப்பால் மலைக்கு நடுவே நீளமான சுரங்கம், சுரங்கத்துக்குள்ளேயே எல்லை, வெளியே வந்தால் இத்தாலி. மிலான் கோச்சி வந்து நின்றது. பைகளை ஏற்றிக் கொடுக்க நானும் ஏறினேன். பார்சலை மேல் தட்டிலே வைத்தேன், விழும் என்று கீழே வைத்தேன், மிதிப்பார்கள் என்று ரவியின் மடியிலே வைத்தேன்.

"போயிட்டு வா மச்சான்" என்றேன்.

இறங்கத் திரும்பினேன். டேவிட் தும்மினான்.

ஒரு தும்மல். ஒன்றே ஒன்று.

வெளிக்கிடும் நேரத்தில் ஒற்றைத் தும்மல் எவ்வளவு கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ரவியின் முகமும் மாறிவிட்டது. பொறியியல் எல்லாம் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

"ஒத்தத் தும்மல்" என்றான் பாலாஜி. "உக்காருங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"ஓம் சிவம், இரு" என்றான் ரவி.

துன்னுக்கு வந்த பிறகு அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதலாவது விசயம் அது. நான் இருந்தேன். தண்ணி இல்லை. தேத்தண்ணியை ஊற்றி ஒரு வாய் குடித்தேன். சுடச்சுட இருந்தபடியால் ஊதி ஊதித்தான் குடிக்க வேண்டியிருந்தது. தேத்தண்ணி கணக்கிலே வருமோ என்று எனக்குச் சந்தேகம். பாலாஜி அதற்கும் வழி சொன்னான்: இன்னொரு தும்மல் வந்தால் இரட்டைத் தும்மலாகிவிடும், அது நல்ல சகுனம். சரிதானே. மூன்று பேரும் டேவிட்டின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வாயைத் திறந்தான், கண்ணை மூடினான், மூக்கை மேலே தூக்கினான். பிறகு ஒன்றும் வரவில்லை என்று மன்னிப்புக் கேட்டான்.

ஊரிலே கோச்சி வெளிக்கிட முன்னம் கொஞ்சம் யோசிக்கும். விசில் ஊதும், குலுங்கும், பின்னுக்கு வரும், ஓடிவருகிறவனுக்காக ஒருக்கால் தயங்கும். சுவிஸ் கோச்சிக்கு யோசிக்கத் தெரியாது. யன்னலால் பார்த்தேன். பிறிக் ஸ்டேசன் மெதுவாகப் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"மச்சான்" என்றேன், "ஸ்டேசன் போகுது."

கதவடிக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. அவசரச் சங்கிலியிலே கை வைத்தேன். ரவி பக்கத்திலே இருந்த எச்சரிக்கையை வாசித்து, இழுத்தால் பொலிசு வரும் என்றான். கையை எடுத்தேன். சுரங்கம் வந்தது. இருட்டு. அந்த இருட்டுக்குள்ளே எந்த இடத்திலோ எல்லை. நான் காலைத் தூக்கி இருக்கையிலே வைத்துக்கொண்டேன். கால் வைத்தால்தானே குற்றம்.

அரைவாசிச் சுரங்கத்திலே சுவிஸ் எல்லைக் காவலர் ஒருவர் வந்தார். அவர் வாயைத் திறக்க முன்னமே அட்டையையும் ரிக்கற்றையும் நீட்டினேன். எனக்குப் பேசத் தெரிந்த ஜெர்மன் முழுக்கக் குசினியிலே படித்தது. சூடு, கவனம், கெதியா, முடிஞ்சுது. அந்த நாலையும் வைத்து என் நிலைமையை விளக்கினேன். அவர் அட்டையைப் பார்த்தார், ரிக்கற்றைப் பார்த்தார், இருக்கையிலே இருந்த என் சப்பாத்தைப் பார்த்தார். முதலில் காலைக் கீழே வைக்கச் சொன்னார்.

பிறிக்கிலே ஏன் இறங்கவில்லை என்று கேட்டார். டேவிட்டுக்குப் பள்ளிக்கூட ஜெர்மன் கொஞ்சம் வரும். "நான் இன்னொருக்கால் தும்ம வேண்டும் என்று இவர் காத்துக்கொண்டிருந்தார்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். காவலர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து டேவிட் தும்மினான்.

"சுகம்" என்றார் காவலர், தன்னை அறியாமலே. ஆரும் தும்மினால் அவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள்.

காவலர் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப சரியோ?" என்று என்னைக் கேட்டார்.

"இப்ப பிந்திப்போச்சுது ஐயா" என்றேன்.

வெளிச்சம் வந்தது. வெளியே இத்தாலி. மலை அதே மலைதான். டொமோடொசோலா ஸ்டேசனிலே கோச்சி நின்றதும் இத்தாலிக் காவலர் ஒருவர் ஏறினார். விசா இல்லாத ஆளை மேடையிலே இறக்க முடியாது என்றார் அவர். இறக்காவிட்டால் மிலானுக்குப் போய்விடுவான் என்றார் சுவிஸ்காரர். என்னை எங்கே வைப்பது என்று இருவரும் என் தலைக்கு மேலாலே கதைத்தார்கள். நான் படியிலே நின்றேன், இறங்காமலும் ஏறாமலும், சுடுதண்ணிப் போத்தலை நெஞ்சோடு பிடித்தபடி. ஊரிலே அம்மாவுக்கு என்னவென்று எழுதுவது? எல்லாச் சண்டைக்கும் தப்பி வந்தவனைத் தும்மல் திருப்பி அனுப்பிவிட்டது என்றோ?

கடைசியிலே தீர்ப்பு வந்தது. அந்த ஸ்டேசனுக்குள்ளே சுவிஸ்காரருக்கு ஒரு அறை உண்டு. அதற்குள் நான் நின்றால் இத்தாலிக்காரருக்கு என்னைத் தெரியாது. அறை வரைக்கும் உள்ள கொஞ்சத் தூரத்துக்கு இருவரும் ஆளுக்கொரு பக்கமாக வருவார்கள். அப்படியே நடந்தோம். கோச்சி யன்னலால் ரவி கையைக் காட்டினான். "சிவம், இஞ்சை பார்" என்றான். பார்த்தேன். படம் எடுத்துவிட்டான்.

அடுத்த கோச்சியிலே சுவிஸ் காவலர் என்னைத் தன் பக்கத்திலேயே இருத்திக் கொண்டுவந்து பிறிக்கிலே இறக்கினார். ஒன்றும் எழுதவில்லை. அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, அடுத்தமுறை ஆக்களை வீட்டிலேயே வழியனுப்பச் சொன்னார்.

அடுத்த ஆண்டு பேர்ண் நகரத்திலே என் அகதி விண்ணப்பத்துக்கு விசாரணை. நாட்டை விட்டு எப்போதாவது வெளியே போனாயோ என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பயந்தவனுக்குப் பொய் வராது. முழுக்கச் சொன்னேன். மொழிபெயர்த்த தமிழ் அண்ணை நடுவிலே நிறுத்தினார். "தம்பி, தும்மலை விட்டுட்டுச் சொல்லட்டோ?"

"விடாதேங்கோ அண்ணை. அதுதான் காரணம்."

சொன்னார். அதிகாரி அம்மா பேனையைக் கீழே வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே கன நேரம் பார்த்தா. பிறகு அடுத்த கேள்விக்குப் போனா. எனக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று பயத்திலே இன்றுவரைக்கும் கேட்கவில்லை.

ரவி அந்தப் படத்தில் ஒரு பிரதியை ஊருக்கும் அனுப்பியிருந்தான், விளக்கம் எழுதாமல். நல்ல கோட்டுப் போட்டு நான் நடுவிலே, இரண்டு பக்கமும் சீருடைக்காரர்கள். மகனுக்கு அங்கே இரண்டு காவலாம் என்று வீட்டிலே தாங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். கலியாணப் பேச்சு வந்தபோது பெண்வீட்டுக்குப் போனது அந்தப் படம்தான். கமலா ஓம் என்று சொல்லி, துன்னுக்கு வந்து சேர்ந்து, உண்மையைக் கேட்டுவிட்டு ஒரு கிழமை சிரித்தாள்.

படம் இப்போது எங்கள் வீட்டு விறாந்தையிலே சட்டம் போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் யார் இது என்று கேட்பார்கள். என் பிள்ளைகள் உடனே தாயைக் கூப்பிடுவார்கள், அவள் வாயாலே கேட்கவேண்டுமாம். கமலாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதல்தரம் சொல்லுவது போலச் சொல்லுவாள்:

"வலப்பக்கம் நிக்கிறவரைப் பாத்துத்தான் நான் ஓம் எண்டனான். வந்து இறங்கினா, விமான நிலையத்திலை நிக்கிறார், படத்திலை நடுவிலை நிண்டவர்."