கிள்ளு மாஸ்டர் பார்க்காத பூ

ஜினியாச் செடி வளர்ப்பதில் கிள்ளு மாஸ்டரை மிஞ்ச இந்தப் பூமியில் ஆளே கிடையாது என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அவரிடம் ஒரே ஒரு சின்னக் குறைதான். பிறந்ததிலிருந்து அவர் ஜினியாப் பூவைப் பார்த்ததே இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டேஷன். நான் அங்கே புக்கிங் கிளார்க். கொடியும் விளக்கும் பிடிக்கிற பாயின்ட்ஸ்மேன் கோவிந்து. எங்களுக்கு ஸ்டேஷன் மாஸ்டராக மாற்றலாகி வந்தார் நம் கதாநாயகர். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, மறு கையில் டீ போடும் எனாமல் கெட்டில், சட்டைப் பையில் விதைப் பாக்கெட். வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "குவார்ட்டர்ஸ் வாசல்ல வெயில் எதுவரைக்கும் விழும்?"

மறுநாளே வாசலில் பாத்தி கட்டியாகிவிட்டது. கோவிந்து விதைப் பாக்கெட்டின் மேலிருந்த படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"வாசனை கெடையாது. சாமிக்கும் ஆவாது, கொண்டைக்கும் ஆவாது. இன்னாத்துக்கு சார் இந்தப் பூவு?"

"பாக்கறதுக்குய்யா," என்றார் மாஸ்டர்.

அந்தப் பாக்கியம்தான் அவருக்கு வாய்க்கவில்லை. எந்த ஊரிலும் மூன்று மாதம் நிலைத்ததில்லை. மனிதருக்கு ரூல் என்றால் ரூல். ஓர் அதிகாரியின் மாமியாரை டிக்கெட் இல்லை என்று பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறார். இன்னோர் அதிகாரி வண்டியின் கடைசியில் கார்டின் பெட்டியில் கொண்டுபோன கோழியைத் தராசில் உட்கார வைத்து, எடை போட்டு, பார்சல் கட்டணம் வசூலித்திருக்கிறார். இப்படிப்பட்டவரை யார் விட்டுவைப்பார்கள்? விதைப்பார், முளைக்கும், மொட்டு வரும், மாற்றல் உத்தரவும் வரும். பூவை அடுத்து வருகிற மாஸ்டர் பார்ப்பார்.

இதில் பாதிக் குற்றம் அவருடையதுதான். செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுவார். கிள்ளினால் பக்கக் கிளை வெடித்து நிறையப் பூக்கும் என்பது நியாயம்தான். அதோடு விட்டாரா? முதலில் தலைகாட்டுகிற மொட்டையும் கிள்ளி எறிவார். பூப்பது இன்னும் சில வாரம் தள்ளிப்போகும். சொல்லி வைத்தாற்போல் அதற்குள் உத்தரவு வந்துவிடும். இந்தக் கணக்கு எங்கள் ஸ்டேஷனில் டீ விற்பவருக்குக்கூடப் புரிந்தது, அவருக்கு மட்டும் புரியவில்லை.

செடிக்கு அவர் செய்த உபசாரத்தை மாப்பிள்ளைக்குக்கூட யாரும் செய்யமாட்டார்கள். இலையில் தண்ணீர் பட்டால் சாம்பல் நோய் வந்துவிடுமாம். அதனால் கெட்டிலைச் சாய்த்து வேரடியில் மட்டும் ஊற்றுவார். மழை பெய்தால்? அதையும் பார்த்தோம். குவார்ட்டர்ஸ் வேலி நடைமேடையை ஒட்டியே இருந்தது. ஒருநாள் தூறலில் மெயில் வண்டி கடக்கும்போது, மாஸ்டர் நடைமேடையில் நின்றபடி வலக்கையால் பச்சைக்கொடி காட்டினார், இடக்கையால் வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குக் குடை பிடித்தார். எஞ்சின் டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார். செடி நனையவில்லை. மாஸ்டர் தொப்பலாக நனைந்திருந்தார்.

முதல் மொட்டு வந்த அன்று கோவிந்து வேலியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

"ஒண்ணே ஒண்ணு உடு சார். பூத்தா நீயும் பாப்ப, நாங்களும் பாப்போம்."

"இன்னிக்கு ஒரு மொட்டை விட்டா நாளைக்கு ஒரு வண்டியை விடுவே," என்று சொல்லிக்கொண்டே கிள்ளினார்.

இரண்டாம் வரிசை மொட்டுகள் பச்சையாகப் புடைத்து நின்றபோது உத்தரவு வந்தது. நாயுடுப்பேட்டைக்கு. அன்று சாயங்காலம் மாஸ்டர் காலிக் கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இந்த வாட்டியாவது மனுசன் அந்தப் பூவைப் பாக்கணும் சார். இல்லாங்காட்டி நமக்கு சோறு எறங்காது," என்றான் கோவிந்து.

ஆனால் புது மாஸ்டர் குறித்த நேரத்துக்கு வந்துவிட்டார், கூடவே ஓர் ஆட்டையும் பிடித்துக்கொண்டு. நம்மவர் ரூல்படி சார்ஜைக் கொடுத்துவிட்டுப் பாசஞ்சரில் ஏறினார். செடிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களிடம், "இலையில தண்ணி படக்கூடாது," என்று மட்டும் சொன்னார்.

வண்டி மறைவதற்குள் ஆடு பாத்தியை நோக்கி நடந்தது. கோவிந்து புது மாஸ்டரின் காதோடு சொன்னான்:

"ஆட்டை அந்தாண்ட உடாத சார். செடிக்குள்ளே நாகம் ஒண்ணு கீது. ரெண்டு ஆள் நீளம்."

அன்றிலிருந்து ஆடு மட்டுமல்ல, புது மாஸ்டரும் குவார்ட்டர்ஸுக்குக் கொல்லைப்புறமாகவே போய்வந்தார்.

அடுத்த வாரம் பாத்தி வெடித்தது. சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ், அடுக்கடுக்காக, ஒவ்வொன்றும் டீ சாசர் அகலம். வண்டியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்களுக்குத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

"பாக்க வேண்டிய ஆளு அங்கே குந்திக்கினு கீறாரு. நாம பாத்து இன்னா பண்றது?" என்ற கோவிந்து, விடியற்காலையில் பூக்களை வெட்டித் தீயணைக்கிற சிவப்பு பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினான். சும்மா கொடுத்தனுப்பினால் கோழிக்கு நேர்ந்ததுதான் நேரும். எடை போட்டேன். பார்சல் ரசீது எழுதினேன். காலைப் பாசஞ்சரில் பக்கெட் நாயுடுப்பேட்டைக்குப் புறப்பட்டது.

மத்தியானம் ஆயிற்று. தகவல் இல்லை. வெயிலில் வாடிவிட்டதோ, யாராவது வழியிலேயே எடுத்துக்கொண்டார்களோ என்று நாங்கள் சாப்பிடவில்லை. கடைசியில் ஸ்டேஷன் போன் அடித்தது.

"பார்சல் விஷயமா பேசறேன்," என்றது கிள்ளு மாஸ்டரின் குரல். "ஜினியா, ஒரு பக்கெட். எடை சரி. சேதாரம் இல்லை."

அப்பாடா! எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"யாருய்யா வெட்டினது?"

கோவிந்து போனுக்குள் வாயை நுழைத்தான். "நாந்தான் சார்."

"காம்பை இவ்வளவு குட்டையாவா வெட்டுவாங்க? கணுவுக்கு மேலே நீளமா வெட்டணும். அப்பத்தான் அந்த இடத்துல ரெண்டா வெடிக்கும். ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா உனக்கு?"

வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்படி இனித்த திட்டை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. கோவிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தப்புத்தான் சார், தப்புத்தான் சார்," என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"பூவு எப்டி கீது சார்?"

டைம்டேபிளைத் தலைகீழாக ஒப்பிக்கிற அந்த மனிதர் என்னிடம் கேட்டார்:

"ஏம்ப்பா, நாளைக்கும் பாசஞ்சர் உண்டுல்ல?"

"உண்டு சார்," என்றேன்.

செடிகள் பூத்து ஓயும்வரை அந்த வண்டி ஒருநாளும் பூ இல்லாமல் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டவில்லை. ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ரசீது போட்டுத்தான் அனுப்பினோம். இல்லாவிட்டால் அந்தத் தங்கமான மனுஷன் வாங்கமாட்டார்.