சத்தம் போடாதவர் முதலில்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகட்டும். நான் சொல்வதில் நம்பிக்கை இல்லையென்றால் கேரளத்துப் பாலா ஊரின் பங்குப் பாதிரியார், எங்கள் அச்சனைக் கேளுங்கள். நடந்தபோது அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்.

டெஸ்ஸிக்கு மறுநாள் நர்ஸ் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். இந்த முறையும் போனால் அமெரிக்க வேலை கிடையாது. அங்கே தனியாகக் கிடக்கும் கணவன் பைஜுவை வீடியோவில் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கலாம். அவளைக் கவிழ்ப்பது ஒரே வகைக் கேள்வி: ‘நான்கு நோயாளிகளில் முதலில் யாரைப் பார்ப்பாய்?’ கத்துகிறவரிடம் ஓடுவாள். அதற்குள் கேள்வியிலிருந்த இன்னொருவர் செத்துப்போவார். அப்படிச் செத்தவர்கள் அவள் கனவில் வரிசையாக நின்றார்கள்.

பயிற்சி மைய சார் அன்று கடைசியாக எச்சரித்திருந்தார்: “கத்துறவனுக்கு மூச்சு இருக்கு. சத்தமில்லாம கிடக்கிறானே, அவன்தான் முதல்.”

சாயங்காலம் சமையலறையிலிருந்து மாமியார் மறியக்குட்டியின் அலறல். பலாக்காய் நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டிருந்தது. டெஸ்ஸி ஓடினாள். வழியில், முன்னறையில், மாமனார் ஔதக்குட்டி. முகம் சிவந்திருந்தது, விழி பிதுங்கியிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. பக்கத்தில், நோன்புகால வீட்டு ஜெபத்துக்கு வந்த அச்சன் கைகூப்பிக் கண்மூடியிருந்தார்.

“அப்பச்சா, ஒரு வார்த்தை பேசுங்க.”

அவர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார்.

தொண்டை அடைத்துவிட்டதென்றே டெஸ்ஸி முடிவுகட்டினாள். தண்ணீர் நீட்டினாள், தள்ளிவிட்டார். முதுகில் அறைந்தாள்; கண்ணில் நீர் கொட்டியதே தவிர வாய் திறக்கவில்லை. உள்ளே மறியக்குட்டி எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“அம்மச்சி, கத்துறீங்கல்ல, அப்போ நல்லாத்தான் இருக்கீங்க. இருங்க.”

பின்னாலிருந்து மாமனாரைக் கட்டிப்பிடித்து, வயிற்றில் ஓங்கி ஓர் அழுத்து.

ஒரு முழு மாட்டிறைச்சி வறுவல் துண்டு பறந்துபோய் அச்சனின் வெள்ளை அங்கியில் ஒட்டிக்கொண்டது.

புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி மறியக்குட்டி வந்து நின்றாள்.

“ஈஸ்டர் வரைக்கும் இறைச்சி தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணின வாயா இது?”

ஔதக்குட்டி கூரையைப் பார்த்தார். டெஸ்ஸி தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாதவருக்கு மூச்சே அடைக்கவில்லை, திருட்டு வறுவலை வாயில் ஒளித்திருந்தார். சார் சொன்னது தப்பு; நாளைக்கும் தோல்விதான்.

மறியக்குட்டி முன்னறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்; அச்சனின் கன்னமும் உப்பியிருந்தது.

“சார் சொன்னது சரிதான் மோளே. என் விரல் கிடக்கட்டும். வந்ததுலேர்ந்து அச்சன் வாயே திறக்கலை. அடுத்து அவரைப் பாரு.”