இருமல் வைத்த சைலன்சர்

ஊரில் எல்லோரும் சத்தத்தைக் குறைக்கத்தான் சைலன்சர் மாற்றுவார்கள். சத்தம் வேண்டுமென்று கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். (பைக் பசங்களைச் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு அந்த வயசு. எனக்கு அப்போது முப்பது, கல்யாணமாகி எட்டு மாதம்.) அதுவும் என் காருக்கு இல்லை, மாமனாரின் காருக்கு.

மாமனார் அரசாங்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக ஜோகுபாளையத்தில் குடியிருக்கும் குடும்பம். பேச்சு ரொம்பக் குறைவு. சந்தோஷம், சம்மதம், கோபம் எல்லாவற்றுக்கும் ஒரே "ம்"தான். பெண் கேட்டுப் போனபோதும் "ம்" என்றார். அது எந்த "ம்" என்று தெரியாமல் நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அவரிடம் பதினெட்டு வருடமாக ஒரு பழைய கார் இருந்தது. டுபு டுபு டுபு என்று தெருமுனையிலேயே கேட்கும். இரண்டாயிரமாவது வருடம் வாக்கில் அதை விற்றுவிட்டுப் புது மாடல் ஒன்று வாங்கினார். ஏசி, பவர் ஸ்டீயரிங், பளபளவென்று பெயின்ட். சத்தம் மட்டும் அறவே கிடையாது. என் மாமியாருக்குத் தலையில் இடி விழுந்தது அங்கேதான்.

மாமியாருக்கு ஒரே தம்பி, பெயர் சேகர், வீடு நீலசந்திராவில். எங்கள் கல்யாணத்தில் தாம்பூலப் பையைத் திறந்து பார்த்து, "என்ன மாமா, தேங்காய் எலுமிச்சம்பழம் சைசுல இருக்கு" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். தேங்காய் ஒவ்வொன்றையும் காதில் வைத்துத் தட்டிப் பார்த்து வாங்கி வந்தவர் மாமனார். "இனிமே அவன் பேச்சு இந்த வீட்ல இருக்கக் கூடாது" என்றார். அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் பேசி யாரும் கேட்டதில்லை என்பதால் எல்லோரும் பயந்துவிட்டோம்.

மாமியார் எதிர்த்துப் பேசவில்லை. தினமும் நாலு மணிக்கு மாமனார் அல்சூர் ஏரிக்கரைக்கு வாக்கிங் போவார், காரில். (நடக்கப் போவதற்குக் கார் எதற்கு என்று கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.) அவர் தலை மறைந்ததும் மாமியார் தம்பிக்குப் போன் போடுவார். தெருமுனையில் டுபு டுபு கேட்கும். "வெச்சுடறேன்டா." கார் கேட்டுக்கு வந்து சேரும்போது மாமியார் சமையலறையில் காபி கலந்துகொண்டிருப்பார்.

புதுக் கார் இந்த ஏற்பாட்டை ஒரே வாரத்தில் கவிழ்த்துவிட்டது. முதல் தடவை மாட்டியபோது மாமியார் "ராங் நம்பர்" என்று சமாளித்தார். இரண்டாவது தடவை அந்த ராங் நம்பரிடம் முட்டி வலிக்கு என்ன தைலம் தேய்க்கிறாய் என்று அவர் விசாரித்துக்கொண்டிருந்தபோது மாமனார் பின்னால் நின்றிருந்தார். "ம்" என்றார். அதோடு போன் நின்றுபோயிற்று.

"பத்து நாளாச்சு மாப்பிள்ளை அவன் குரலக் கேட்டு" என்று மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மா அப்பா போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

"கவலைப்படாதீங்க அத்தை. அந்தப் பழைய சத்தத்தையே இந்த வண்டிக்குக் கொண்டாந்துடறேன்" என்றேன்.

"லூசா நீங்க?" என்றாள் என் மனைவி சுமதி. "ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசி சமாதானம் பண்ணுவாரான்னு பார்த்தா, சைலன்சர் வாங்கப் போறாராம்."

அவள் சொன்னதுதான் சரி என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் எடுத்த முடிவிலிருந்து பின்வாங்குகிற ஜாதி இல்லை. நேராக மாமனாரிடம் போய், "மாமா, உங்க பர்சனாலிட்டிக்கு இந்த வண்டி சத்தம் பத்தல. பழைய வண்டி மாதிரி சத்தம் வர்ற சைலன்சர் போட்டுத் தரட்டுமா?" என்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மோட்டார் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் ஜே.சி. ரோட்டில் நாலு கடைக்காரர்கள் சிரித்து அனுப்பினார்கள். ஐந்தாவது கடை அன்வர் பாயுடையது.

"எந்த சவுண்டு ஓணும் சார்?"

"பழைய கார் சவுண்டு."

"பழைய கார் ஆயிரம் இருக்குது. வாயில பண்ணிக் காட்டுங்க."

நடுரோட்டில் நின்று டுபு டுபு என்று செய்து காட்டினேன். கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் டிராக்டர் என்றார். இன்னொருவர், மாவு மில் என்று அடித்துச் சொன்னார். "நக்கோ சார், வேணாம், போதும்" என்று பாய் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "அந்த சவுண்டு தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, பட்டுப் புடவையும் அர்ச்சனைக் கூடையுமாக மாமியார் ஜே.சி. ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கச்சேரி கேட்பதுபோல் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. நான் கொண்டுவந்து நிறுத்தியிருந்த மாமனாரின் காரில் பாய் முதல் சைலன்சரை மாட்டி ஸ்டார்ட் செய்தார்.

"ஐயோ, இது பைக்கு."

இரண்டாவது. "இது லாரி."

மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்தார். "கிட்ட வந்துடுச்சு. ஆனா அவர் வண்டி நடுநடுவுல ஒரு தடவை இருமும்."

பாய் என்னைப் பார்த்தார். "மேடம், இருமுற வண்டியத்தான் எங்கிட்ட ரிப்பேருக்கே கொண்டாருவாங்க."

"இருமணும் பாய்" என்றேன் உறுதியாக.

அவர் சைலன்சரின் வயிற்றைக் கிழித்து, உள்ளே ஒரு தகட்டை வெட்டி, எங்கோ ஓட்டை போட்டு, மறுபடி வெல்டிங் வைத்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான்காவது தடவை ஸ்டார்ட் செய்தார். டுபு டுபு டுபு... லொக்... டுபு டுபு.

"ஐயோ, வந்துட்டார்" என்று மாமியார் ஸ்டூலிலிருந்து துள்ளி எழுந்தார். கூடை உருண்டது. கையில் இல்லாத ரிசீவரைக் கீழே வைக்கக் கை துழாவியது. பாய் எஞ்சினை அணைத்துவிட்டு, "பாஸ் சார்" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. நாலு மணிக்கு மாமனார் கிளம்பியபோது தெருவே திரும்பிப் பார்த்தது. மாமியார் நம்பரைச் சுழற்றினார். இத்தனை நாள் பாக்கியை அழுது பேசித் தீர்த்துவிட்டு, "நம்ம மாப்பிள்ளை பண்ண வேலைதான்டா எல்லாம், பேசு" என்று ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

"சத்தம் எப்படி மாப்ள வந்திருக்கு? கொஞ்சம் பண்ணுங்க, கேப்போம்" என்றார் சேகர்.

கேட்ட பிறகு கலைஞன் மறுக்கலாமா? ஒரு சாப்பாட்டுத் தட்டை ஸ்டீயரிங்காகப் பிடித்துக்கொண்டு, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, டுபு டுபு என்று ஒயர் எட்டிய வரைக்கும் ஹாலைச் சுற்றினேன். இருமினேன். பிரேக் போட்டேன். இறங்கி, பேண்ட்டை மேலே இழுத்து விட்டு, கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, "ம்" என்றேன்.

போனில் சேகர் விழுந்து விழுந்து சிரித்தார். ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. சுமதி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினேன். வாசலில் அசல் நின்றிருந்தது.

விஷயம் இதுதான். மாமனார் வீட்டுத் தெரு சரிவு. பழைய காரை அணைத்தால் மறுபடி கிளப்ப நாலு பேர் தள்ள வேண்டும் என்பதால் வீடு வரை அணைக்கவே மாட்டார். புதுக் கார் சாவியைத் தொட்டாலே கிளம்பும். அதனால் வாங்கிய நாளிலிருந்தே பெட்ரோல் மிச்சம் பிடிக்க முனையிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, சரிவில் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறார். அணைத்த எஞ்சினுக்கு எந்த சைலன்சர் மாட்டி என்ன பிரயோஜனம்? இது சாப்ட்வேர் இன்ஜினியரான என் மூளைக்கு எட்டவில்லை.

"இன்னொரு தடவை பண்ணுங்க மாப்ள, அந்த 'ம்' அச்சு அசல் அவரேதான்" என்று ரிசீவர் சொல்லிக்கொண்டிருந்தது. மாமனார் கையை நீட்டினார். கொடுத்தேன். காதில் வைத்து, சேகர் சிரித்து முடிக்கும்வரை கேட்டார். என்னால் அக்கா தம்பி உறவே அறுந்தது என்று நினைத்தபோது அழுகை வந்தது. அவர் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. மாமியார் கையில் கொடுத்தார்.

"இருமல் கொஞ்சம் முன்னாடியே வந்துடுது மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாளும் கார் சத்தமில்லாமல்தான் உருண்டு வந்தது. மாமனார் இறங்கினார். தெருவில் யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டுக்கு வெளியே நின்றபடி, வாயால், "டுபு டுபு டுபு... லொக்" என்றார். உள்ளே மாமியார் "வெச்சுடறேன்டா" என்றார். அதற்குப் பிறகுதான் அவர் கேட்டைத் திறந்தார். ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த நானும் சுமதியும் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றோம்.

அன்றிலிருந்து உறவில் எனக்குப் பெயர் சைலன்சர் மாப்பிள்ளை. என் சொந்தப் பெயர் பத்திரிகையில் அச்சடிக்கத்தான் பயன்படுகிறது. எந்த விசேஷத்திலும் சாப்பாடு முடிந்ததும் என்னைத் தட்டோடு நிறுத்தி வண்டி ஓட்டச் சொல்வார்கள்.

மூன்று வருடம் கழித்து சேகரின் மகள் கல்யாணம். மாமனார் வருவாரா என்று யாருக்கும் தெரியாது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது மண்டப வாசலில் கேட்டது: டுபு டுபு டுபு... லொக். சேகர் பந்தியை விட்டுவிட்டு ஓடி வந்தார். மாமனார் பக்கத்தில் ஒரு மூட்டைத் தேங்காய், ஒவ்வொன்றும் மனுஷன் தலை அளவு. சேகர் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"ம்" என்றார்.