வெட் ஹார்சஸ் ரசிகர் சபையின் ஒருமனதான தீர்மானம்

மனித நாகரிகம் எந்த இடத்தில் உச்சிக்கு ஏறி நின்றது என்று எதிர்கால ஆராய்ச்சியாளர்கள் ஊர் ஊராக மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. திருப்பதி கர்ணால வீதியில், சோபா உறை தைக்கும் கடைக்கு மேல்மாடியில்தான் நின்றது. மாதத்தின் கடைசி ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஏறும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கிவிடும்.

அங்கேதான் 'அகில ராயலசீமை வெட் ஹார்சஸ் ரசிகர் சபை' கூடிவந்தது. 'வெட் ஹார்சஸ்' என்பது 1967-ல் இங்கிலாந்தில் 'டின் பிஷப்ஸ்' என்ற ராக் குழு வெளியிட்ட இசைத்தட்டு. மொத்தம் பத்துப் பாட்டு. குழுவில் இருந்த நான்கு பேரும் அடுத்த வருஷமே சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துவிட்டார்கள். சபையில் பதினேழு பேர். பிரியாமலேயே சண்டை போடத் தெரிந்தவர்கள்.

பதினேழாவது ஆள் மோகனப்ரியா. குடியாத்தத்துப் பெண். சித்தூரில் ஒரு மாங்கூழ் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில், கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து எழுதுவது அவள் வேலை. உறுப்பினர் படிவத்தில் 'சேரும் நோக்கம்' என்ற இடத்தில் 'பாட்டு கேக்க' என்று எழுதியிருந்தாள். தலைவர் பாஷ்யம் அதைப் படித்துவிட்டுக் கனிவோடு சிரித்தார்.

"ஆரம்பத்துல எல்லாரும் இப்படித்தாம்மா எழுதுவா. போகப் போகப் பக்குவம் வந்துடும்."

அவளுக்குப் பக்குவம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் மோகனப்ரியாவுக்கு வலது காது போய்விட்டது. கூட வேலை பார்த்த தரணி பெங்களூர் போகும்போது இந்த ஆல்பத்தை அவள் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். மோகனப்ரியா இரண்டு வருஷம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இடது காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். டிரம்ஸும் கிட்டாரும்தான் வந்தன. நடுநடுவே டிரம்ஸ் சும்மா நின்று நின்று அடிக்கும். என்ன அடக்கமான வாசிப்பு என்று அவள் அதிலேயே சொக்கிப்போயிருந்தாள்.

சபையின் முதல் கூட்டத்தில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. "பாடகரின் குரல்" என்று யாரோ சொன்னார்கள். மோகனப்ரியா கையைத் தூக்கினாள்.

"இதுல யாரு சார் பாடறாங்க?"

பதினாறு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அந்தக் காலத்து ஸ்டீரியோ பதிவில் டிரம்ஸை ஒரு பக்கமும் பாடுகிறவரை இன்னொரு பக்கமும் வைத்துவிடுவார்கள். பாடகர் வலது பக்கத்தில் இருந்தார். அவளுக்கு வலது பக்கமே கிடையாது.

பாஷ்யம் எழுந்து நின்றார். அவர் மோனோ கட்சியின் தலைவர். எல்லா ஓசையும் ஒன்றாகக் கலந்து இரண்டு ஒலிப்பெட்டியிலும் ஒரே மாதிரி வருகிற மோனோ பதிவே உண்மையான 'வெட் ஹார்சஸ்' என்பது அந்தக் கட்சியின் கொள்கை.

"இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? ஸ்டீரியோங்கறது ஒரு பொண்ணை ரெண்டு வருஷம் ஏமாத்தியிருக்கு."

ஸ்டீரியோ கட்சித் தலைவர் ஜெபகுமார் விடவில்லை. அவர் அரக்கோணத்துக்காரர், ஸ்ரீசிட்டியில் ஏசி செய்யும் ஆலையில் சூப்பர்வைசர்.

"இன்னா சார் பேசறீங்க? உலகத்துலயே அந்த டிரம்ஸை இவ்ளோ சுத்தமா கேட்டது இந்த சிஸ்டர் ஒருத்தர்தான். அது ஸ்டீரியோவோட வெற்றி."

இரண்டு கட்சியும் உரிமை கொண்டாடியதால், மோகனப்ரியாவின் வலது காது சபையின் நடவடிக்கைக் குறிப்பில் 'ஆவணம் 4' என்று ஏறியது. அந்தக் காதுக்கு உரியவள் பாட்டைக் கேட்க விரும்புகிறாளா என்று கேட்க மட்டும் நேரம் போதவில்லை.

அன்று ஊர் திரும்பியதும் போனின் சின்ன ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தாள். ஆள் பாடுவது கேட்டது. ஆனால் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டவர் கத்துகிற மாதிரிதான் இருந்தது. சபையின் மாடியில் இரண்டு பெரிய மர ஒலிப்பெட்டிகளோடு ஒரு ரெகார்டு பிளேயர் இருந்தது. பாஷ்யத்திடம் ஒரு மோனோ தட்டும், ஜெபகுமாரிடம் ஒரு ஸ்டீரியோ தட்டும் இருந்தன. அந்தப் பாடகர் முழுசாகப் பாடி ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். அதற்காகத்தான் ஏழு மாதமாகச் சித்தூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

ஏழு மாதத்தில் தட்டு ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. சபையின் ஒழுங்கு அவ்வளவு உயர்ந்தது.

பாஷ்யத்தின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். அவர் மட்டும் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய் ரிட்டையர் ஆனவர். கோஷ்டியில் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு வரிசை எடுத்துக் கொடுக்க மறு வரிசை வாங்கிச் சொல்லும் முறை ராக் இசைக்கும் பொருந்தும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பாட்டுகளின் மெட்டு யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் தட்டு உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த ஆங்கிலக் கட்டுரையை மனப்பாடம் செய்து, கூட்டம் தொடங்கும்போது சேர்ந்து சொன்னார்கள். யார் எந்த கிட்டார் வாசித்தார், ஸ்டூடியோ எந்தத் தெருவில் இருந்தது, உறையை எந்த அச்சகம் அடித்தது, எல்லாம் வரும். ஒரு கமா விட்டுப்போனாலும் பாஷ்யம் நிறுத்தி மறுபடி சொல்ல வைப்பார்.

தொடங்குவதில்தான் சிக்கல். மோனோ உறையில் முதல் வரி 'மோனோ' என்று இருந்தது. ஸ்டீரியோ உறையில் 'ஸ்டீரியோ'. எதை முதலில் சொல்வது என்று வழக்காடுவதில் வடகலை, தென்கலை என்று ஊருக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டு. சபை அந்தப் பழக்கத்தை வீணாக்கவில்லை. நான்கு மாத வாதத்துக்குப் பின் இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் அவரவர் வரியைக் கத்துவது என்று 'சமரசம்' ஏற்பட்டது. கீழே சோபா தைக்கிறவர் இரண்டு தடவை மேலே ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார்.

மீதி மாதங்கள் எந்தத் தட்டு முதலில் சுற்ற வேண்டும் என்பதில் போயின. ஒன்று முதலில் சுற்றினால் மற்றது இரண்டாவதாகிவிடும். இதை இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டன.

"பூவா தலையா போட்டுப் பாக்கலாமே சார்," என்றாள் மோகனப்ரியா ஒருநாள்.

"போடலாம். யார் சுண்டறது?" என்றார் பாஷ்யம்.

"யாரு காசு?" என்றார் ஜெபகுமார்.

காசு பற்றி ஆராய மூவர் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை இன்னும் வரவில்லை.

மே மாதக் கூட்டத்துக்கு வந்தபோது மோகனப்ரியாவுக்குத் தலையில் இடி இறங்கியது. மாடிக்கும் பிளேயருக்கும் சொந்தக்காரர் நாகபூஷணம் டீ கெட்டிலோடு வந்து நின்று சொன்னார்.

"சார், ஜூன் ஒண்ணாம் தேதிலேந்து ஹாலு கோச்சிங் சென்டருக்கு இச்சேசினேன். பிளேயர் வடமாலபேட்டைக்கு, மா அத்தகாரு இண்டிக்குப் போவுது. ஏமி அனுக்கோகண்டி." ஹாலைக் கொடுத்தாகிவிட்டது, பிளேயர் மாமியார் வீட்டுக்குப் போகிறது, தப்பாக நினைக்க வேண்டாம் என்று அர்த்தம்.

பதினாறு பேரும் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. இனிமேல் சபை வாட்ஸ்அப்பில் நடக்கும் என்று உடனே முடிவானது. இருபத்துநாலு மணி நேரமும் விவாதிக்கலாம், பிளேயர் ஒரு இடைஞ்சல்தான் என்றுகூட ஒருவர் சொன்னார்.

மோகனப்ரியா எழுந்து நின்றாள். "இன்னிக்கு ஒரு நாளாவது போட்டுடுங்க சார். எது முதல்லன்னாலும் பரவால்ல. எனக்கு அவரு பாடறத கேக்கணும்."

"அதுக்குத்தானேம்மா இன்னிக்கு வாக்கெடுப்பே," என்றார் பாஷ்யம். அவர் சொன்னதில் பொய் இல்லை, அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

வாக்கெடுப்பு தொடங்கும் நேரத்தில் ஜெபகுமார் ஒரு ஆட்சேபணை எழுப்பினார். "ரெண்டு தட்டும் மேஜை மேல இருக்குது. அத பாத்துக்கினே ஓட்டுப் போட்டா மனசு சாயும். வெளிய போயிடலாம்."

நியாயமான ஆட்சேபணை என்று பாஷ்யம் ஏற்றார். எல்லோரும் வெளியே தகரக் கொட்டகை போட்ட மொட்டைமாடிக்குப் போவது என்றும், தட்டுகளுக்குக் காவலாக நடுநிலையான ஒருவர் உள்ளே இருப்பது என்றும் தீர்மானமானது. நடுநிலைக்கு மோகனப்ரியாவை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு கட்சிக்கும் ஆவணமே அவள்தான்.

பதினாறு பேரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

மோகனப்ரியா இரண்டு நிமிஷம் காவல் காத்தாள். மூன்றாவது நிமிஷம் கை கிட்டே இருந்த தட்டை உறையிலிருந்து எடுத்தாள். மோனோவா ஸ்டீரியோவா என்று பார்க்கத் தோன்றவில்லை. பிளேயரில் வைத்து, முள்ளை இறக்கி, இரண்டு பெட்டிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து இடது காதைத் திருப்பிக்கொண்டாள்.

டிரம்ஸ் வந்தது. அது அவளுக்குத் தெரிந்த டிரம்ஸ். பிறகு அவர் பாடினார்.

பெரிய குரல் ஒன்றும் இல்லை. ஜலதோஷம் பிடித்த மாதிரி இருந்தது. மேலே போகும்போது லேசாகக் கீறியது. ஆனால் டிரம்ஸ் ஏன் அப்படி நின்று நின்று அடித்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் மூச்சு விடுவதற்காக நின்றிருக்கிறது. இரண்டு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அவருடைய மூச்சுக்காக விட்ட இடத்தைத்தான். அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷமாக அழுதாள், முந்தானையால் துடைத்துக்கொண்டு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

கதவு திறந்தது. பாஷ்யம் தலையை நீட்டினார்.

"ஏம்மா, என்ன சத்தம் இது? அங்க ஓட்டு எண்ணிண்டிருக்கோம். பாட்டு நன்னாத்தான் இருக்கு, இல்லேங்கலே. ஆனா எங்களுக்குக் கவனம் சிதறறது. கொஞ்சம் குறைச்சுக்கோயேன்."

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். நாலாவது பாட்டில் ஜெபகுமார் வந்தார்.

"இன்னா படம் சிஸ்டர் இது? புச்சா?"

"பழசுண்ணா."

"அதானே பாத்தேன். இப்ப யாரு இப்பிடிப் பாடறாங்கோ." அவரும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு எண்ணிக்கைக்கு ஓடினார்.

நாகபூஷணம் மட்டும் டீயோடு உள்ளே வந்தவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "பாகுந்தி, நல்லா இருக்குது," என்றார். மோகனப்ரியா தட்டைத் திருப்பிப் போட்டாள். இருவரும் பத்துப் பாட்டையும் கேட்டு முடித்தார்கள்.

வெளியே எட்டுக்கு எட்டு என்று நின்றது. நான்கு தடவை எண்ணியும் அப்படியேதான் நின்றது. பதினேழாவது ஓட்டு மோகனப்ரியாவுடையது. அனைவரும் உள்ளே வந்து அவளைச் சூழ்ந்து நின்றார்கள். சபையின் சரித்திரத்தில் முதல் முறையாக ஒரு பிரச்சினை தீரும் அபாயம் ஏற்பட்டது.

"சொல்லும்மா," என்றார் பாஷ்யம். "எந்தத் தட்டு முதல்ல?"

"போட்டுட்டேன் சார்," என்றாள் மோகனப்ரியா. "எதுன்னு பாக்கல. முழுசா கேட்டுட்டேன். நீங்க கேட்ட சத்தம் அதுதான்."

பாஷ்யம் ஜெபகுமாரைப் பார்த்தார். ஜெபகுமார் பாஷ்யத்தைப் பார்த்தார். மோனோவும் ஸ்டீரியோவும் ஒரு மூலைக்குப் போய்த் தோளில் கைபோட்டுக் கலந்து பேசின. அப்படி ஒரு காட்சியைச் சபை அதற்கு முன் கண்டதில்லை. பத்து நிமிஷத்தில் தீர்மானம் தயாரானது. பாஷ்யமே வாசித்தார்.

"ஒரு ஆல்பத்தின் தரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர் நடுநிலையாளராக இருத்தல் வேண்டும். உறுப்பினர் மோகனப்ரியா அதைக் கேட்டுவிட்டபடியால் அவருக்குச் சொந்த அபிப்பிராயம் ஏற்பட்டுவிட்டதாக இச்சபை கருதுகிறது. எனவே அவருடைய வாக்கு செல்லாது. ஆல்பத்தைக் கேட்டவர் எவரும் இனி இச்சபையில் உறுப்பினராகவோ பொறுப்பிலோ நீடிக்க இயலாது. கதவு வழியாக மற்ற உறுப்பினர்கள் காதில் விழுந்தது, அவர்கள் கவனிக்காத காரணத்தால், கேட்டதாகக் கொள்ளப்படாது."

பதினாறு பேரும் கை தூக்கினார்கள். சபை தோன்றிய நாள் முதல் ஒருமனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மோகனப்ரியா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வாய் தன்னால் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கீழே செருப்பை மாட்டும்போது பின்னால் யாரோ வேகமாக இறங்கி வரும் சத்தம் கேட்டது. பாஷ்யம். மேலே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அவளுடைய இடது பக்கமாக வந்து நின்றார்.

"மனசுல வச்சுக்காதேம்மா. சபைன்னா சட்டம்னு ஒண்ணு இருக்கோல்லியோ."

"அதெல்லாம் இல்ல சார்."

"இல்லே... ஒண்ணு கேக்கணும்." குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆல்பம்... நெஜமாவே நன்னாயிருக்கா?"

மோகனப்ரியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். உறையின் பின்பக்கத்தை ஒரு கமா விடாமல் சொல்லக்கூடிய மனிதர். பாவமாக இருந்தது.

"நீங்களே கேளுங்க சார். நாகபூஷணம் அண்ணா இன்னும் பிளேயரைக் கட்டல. தட்டு மேலேயே இருக்குது. நான் வேணா கூட வரேன்."

பாஷ்யம் ஒரு படி மேலே ஏறினார். நின்றார். மறுபடி இறங்கினார்.

"கேக்கலாந்தாம்மா. கேட்டுட்டா, என் தலைவர் பதவி போயிடுமே."