என் தம்பி ஊற்றிய வெள்ளைத்தண்ணி

தன் குரலை வெளியிலிருந்து தானே கேட்கிற வரைக்கும் எல்லாருக்கும் தங்கள் குரல்மேல் ஒரு கர்வம் இருக்கும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. சமயநல்லூரில் எங்கள் வாசலில் நின்று நான் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். (அவர் பெயர் அதுவாக இல்லாவிட்டாலும் பார்ப்பார்.) ஆகவே என் தம்பி மகள் கயல்விழி வந்து, "அத்தை, அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு வீடியோ பண்றேன், அதுக்கு நீங்கதான் குரல் குடுக்கணும்" என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. இவ்வளவு தாமதமாகக் கேட்கிறாளே என்றுதான் இருந்தது.

முதலில் கம்ப்யூட்டரையே பேச வைத்துப் பார்த்தாளாம். அது என் தம்பி மகாலிங்கத்தின் வாழ்க்கையை, ரயில் தாமதமாக வரும் என்று அறிவிக்கிற குரலில் சொல்லியிருக்கிறது. ஒற்றைப் பசுவோடு தொடங்கி, சைக்கிளில் கேன் கட்டி மதுரை டீக்கடைகளுக்கு ஊற்றி, இன்று சொந்தப் பண்ணை வைத்திருக்கிறவன் அவன். அதைச் சொல்லக் கூடப் பிறந்தவளின் குரல் வேண்டாமா? தம்பிக்கும் அவன் பெண்சாதி ராஜாத்திக்கும் தெரியாமல் வேலை நடந்தது. மண்டபத்தில் திரை கட்டி எல்லாருக்கும் போட்டுக் காட்டும்போதுதான் அவர்களும் பார்க்க வேண்டும் என்பது கயலின் திட்டம்.

அந்த எல்லாரிலும் ஒரு குடும்பம்தான் முக்கியம். திருமங்கலத்தில் மிட்டாய்க் கடை வைத்திருக்கிறவர் தன் மகனுக்குக் கயலைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். முடிவை இன்னும் சொல்லவில்லை. "விசேசத்துக்கு வாரோம், அப்ப பேசிக்குவோம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். மனிதர் கறாரானவர். கடைக்கு வருகிற பாலில் விரலைத் தொட்டுப் பார்த்தே தண்ணீர் கலந்ததைச் சொல்லிவிடுவார், சொல்லிவிட்டுக் கேனோடு திருப்பி அனுப்பிவிடுவார் என்று பெயர். கயலுக்குப் பையனைப் பிடித்திருந்தது. வாயால் சொல்ல மாட்டாள். ஆனால் அவன் போன் வந்தால் மட்டும் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் மாடிக்குப் போய்விடுவாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டேன். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து சொன்னதில்லை. மாடு கொடுப்பது எதுவோ அதன் பின்னால் ஒரு சாமியைச் சேர்த்துக்கொண்டால் அவர் பெயர் வந்துவிடும். பெயரைச் சொல்லக் கூடாது என்றால் அந்தப் பாதியையும் சொல்லக் கூடாதுதானே? அதனால் காப்பியில் விடுவதை நான் வெள்ளைத்தண்ணி என்றுதான் சொல்வேன். (இதை நான் சொல்லச் சொல்லக் கயல்தான் எழுதுகிறாள். அந்த வார்த்தை வருகிற இடத்தில் நான் நிறுத்துவேன், அவளே போட்டுக்கொள்கிறாள்.) குடும்பத்தில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. "வெள்ளைத்தண்ணி பொங்குது பாரு" என்று நான் அடுப்படியிலிருந்து கத்தினால் ஓடிவந்து அணைப்பார்கள். ஒருவருக்கும் அது வேறு வார்த்தையாகவே காதில் விழாது.

பதிவு செய்த நாள் நல்ல வெயில். கயல் ஜன்னலைச் சாத்தினாள். கதவுக்கடியில் துண்டைச் செருகினாள். மின்விசிறியை நிறுத்தினாள்.

"அதை எதுக்குத்தா நிப்பாட்டுற?"

"சத்தம் விழும் அத்தை."

அதற்குமேல் ஒரு கம்பளியை எடுத்து என் தலையோடு போர்த்தி, அவளும் உள்ளே புகுந்து, போனை என் வாய்க்கு நேரே பிடித்தாள். சித்திரை மாதத்து மதுரையில் கம்பளிக்குள் உட்கார்ந்தவள் என்று என்னைத் தவிர வேறு யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. வாசகம் எழுதிய தாளைக் கையில் கொடுத்தாள். இருட்டில் படிக்க முடியாது என்று சொன்னேன். வெளிச்சத்திலும் முடியாது என்பதைச் சொல்லவில்லை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டில் திருமங்கலத்தை அதன் நீளத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். அதனால் அவள் ஒவ்வொரு வரியாக வாசிக்க, நான் கேட்டுச் சொன்னேன். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் மறுபடி சொன்னேன். நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் அடித்தால் மறுபடி சொன்னேன். சொல்லிச் சொல்லி அத்தனை வரியும் மனப்பாடம் ஆகிவிட்டது.

அவள் பால் என்று வாசித்த இடத்தில் எல்லாம் என் வாய் தானாக வெள்ளைத்தண்ணி என்றது. சத்தியமாக நான் கவனிக்கவில்லை. அவளும் கவனிக்கவில்லை. ராத்திரி பகலாக அதைக் காதில் மாட்டிக் கேட்டு வெட்டி ஒட்டியவள், அப்போதும் கவனிக்கவில்லை.

கடைசி வரி முடிந்ததும் எனக்கு மனசு நிறையவில்லை. "இன்னொண்ணு நானாச் சொல்றேன், பிடிச்சுக்க" என்று கம்பளிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வரியைச் சேர்த்தேன். கயல் முகம் சிவந்துபோனாள்.

"அத்தை, அவங்க இன்னும் முடிவே சொல்லலை."

"சொல்லுவாக. வெட்டாம வையி."

வெட்டாமல் வைத்தாள்.

விசேஷத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. தம்பியும் ராஜாத்தியும் மாலையோடு மேடையில் இருந்தார்கள். திருமங்கலத்துக்காரர் ஆண்கள் பக்கம் முன் வரிசையில் மகனோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி என் வீட்டுக்காரர் இருந்தார். (அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நான்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.) திருமங்கலத்து அம்மா பெண்கள் பக்கம் எனக்கு அடுத்த நாற்காலி. கயல் மேடை ஓரத்தில் லேப்டாப்போடு நின்றாள். விளக்குகளை அணைத்தார்கள். திரையில் என் தம்பி அரைக்கால் சட்டையோடு தோன்றினான். ஒலிபெருக்கியில் ஒரு குரல் கிளம்பியது. கரகரவென்று, யாரையோ திட்டப் போகிற மாதிரி இருந்தது. இது யார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என் தம்பி மகாலிங்கம், கேன் நிறைய வெள்ளைத்தண்ணியை ஊத்திக்கிட்டு, விடியு முன்னே சைக்கிள்ல மதுரைக்குக் கிளம்பிருவான்."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. தம்பியிடம் வாங்குகிற டீக்கடைக்காரர்கள் அங்கேதான் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அவன் ஊத்துன வெள்ளைத்தண்ணியைக் குடிக்காத ஆளு மதுரையில இல்லை."

"அதான பார்த்தேன், டீ எம்புட்டுக் காய்ச்சுனாலும் திக்காவே வர மாட்டேங்குதுன்னு!" என்றது இருட்டில் ஒரு குரல்.

"மாப்ள, கூடப் பிறந்த அக்காவே சொல்லிருச்சுடா!" என்றது இன்னொன்று.

அப்போதுதான் என் காதில் அந்த வார்த்தை முதல் தடவையாக வெளியாள் காதில் விழுவதுபோல விழுந்தது. தன் கேனில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்த்தான் என்று யாரும் விரல் நீட்டாத பிள்ளை என் தம்பி. அந்த ஒரு பெயரை வைத்துத்தான் அவன் பண்ணையே நிற்கிறது. திருமங்கலத்துக்காரரைப் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டவர் முகம் அது.

என் துரதிர்ஷ்டம், அத்தனை வரியும் எனக்கு மனப்பாடம். அடுத்து என்ன வரும் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்தது கோடைக்காலத்தைப் பற்றியது. வேண்டாம், வேண்டாம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்தது.

"கோடையில மத்தவுக கேன் பாதிக்குப் பாதி காலியாக் கெடக்கும். என் தம்பி கேன்ல மட்டும் வெள்ளைத்தண்ணி குறைஞ்சதே இல்லை!"

மண்டபம் அதிர்ந்தது. மேடையில் தம்பி எழுந்துவிட்டான். மாலை கோணலாகத் தொங்கியது. திருமங்கலத்துக்காரர் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டார். கிளம்பப் போகிறவர் செய்வது அது. கயல் அப்பாவையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன தவறு என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்னும் வீடு, வேன், தோட்டம் எல்லாம் எதனால் வந்தது என்கிற வரி இருந்தது. அதற்கு அடுத்தது நானாகச் சேர்த்த வரி. அது மட்டும் வெளியே வரக் கூடாது. முட்டிவலியை மறந்து எழுந்து, இருட்டில் யார் காலையோ மிதித்து, மேடை ஓரத்துக்கு ஓடினேன்.

"நிப்பாட்டுத்தா!"

"என்ன அத்தை?"

"நிப்பாட்டுன்னா நிப்பாட்டு!"

அவள் பதறிப்போய் எதையோ தேடினாள். அதற்குள் தரையில் கிடந்த வயர்களில் தடியான ஒன்றை நானே பிடித்து இழுத்துவிட்டேன். திரை கருத்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். படத்துக்கு வேறு வயர், சத்தத்துக்கு வேறு வயர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கும்மிருட்டில், பார்ப்பதற்கு ஒன்றுமில்லாமல் மொத்தக் கூட்டமும் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, என் குரல் மட்டும் கணீரென்று கேட்டது.

"வீடு, வேனு, தோட்டம், அம்புட்டும் வெள்ளைத்தண்ணி குடுத்தது. இனிமே திருமங்கலத்து மிட்டாயிலயும் எங்க வெள்ளைத்தண்ணிதான் கலக்கும்!"

விளக்கைப் போட்டார்கள். போடாமலே இருந்திருக்கலாம்.

திருமங்கலத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. "நல்லதுங்க மகாலிங்கம். உங்க வீட்டு மனுசியே உள்ளதைச் சொல்லிட்டாக. நாங்க கிளம்புறோம்" என்றார். மகன் எழவா வேண்டாமா என்று பாதி எழுந்த நிலையில் நின்றான். தம்பி மேடையிலிருந்து, "அக்கா, என்னக்கா இது?" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கயல் என்னைப் பார்க்கவேயில்லை. லேப்டாப்பை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நாதஸ்வரக்காரருக்கு முன்னால் இருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"நில்லுங்க! அது தண்ணி இல்லை!"

"வேற என்னங்க?" என்றார் திருமங்கலத்துக்காரர்.

"அது... அதான்... மாடு குடுக்குறது."

"மாடு பலதும் குடுக்கும்த்தா, எதுன்னு சொல்லு!" என்று பின்வரிசை கத்தியது.

அவர் ஒரு எட்டு வாசல் பக்கம் வைத்தார். ஒரு பக்கம் தாலி, ஒரு பக்கம் அந்தப் பெண்ணின் வாழ்க்கை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இத்தனை வருஷமாக வாய்க்குள் அடைத்து வைத்திருந்ததை ஒலிபெருக்கி கிழிய வெளியே விட்டேன்.

"பால்! பால்! பால்!"

முன் வரிசையில் என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார்.

"இந்தா இங்கதான இருக்கேன்! எதுக்குடி இம்புட்டுச் சத்தம்?"

திருமங்கலத்துக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "இவரு யாரு?"

கயல் அப்போதுதான் வாய் திறந்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "எங்க மாமா. பேரு பால்ச்சாமி. அத்தை அவரு பேரைச் சொல்ல மாட்டாங்க. பாலையே வெள்ளைத்தண்ணின்னுதான்..." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. மனைவி பக்கம் திரும்பி, "வா, போவோம்" என்றார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"நான் வரலை, நீங்க வேணா போங்க" என்றது. பிறகு மகனைப் பார்த்து, "டேய் தம்பி, உங்கப்பா பேரை அந்த மைக்குல சொல்லு. என்னால சொல்ல முடியாது."

பையன் வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினான். "சீனிச்சாமி."

"கடையில நான் மூட்டை மூட்டையாப் பிரிச்சுக் கொட்டுறேனே, அதுக்கு என்ன பேரு சொல்லுவேன்? அதையும் சொல்லு."

பையன் கயலைப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னான். "மணலு."

அந்த மண்டபம் அன்று சிரித்த சிரிப்பில் வாழைமரம் சாயாமல் நின்றது பெரிய விஷயம். திருமங்கலத்துக்காரர் தலையைக் குனிந்தார். தோள் குலுங்கியது. பிறகு வந்து உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க கடை சரக்குல மணலு இருக்குன்னு இவ சொல்லாத வாடிக்கையாளர் இல்லைங்க" என்றார் தம்பியிடம். சாப்பாட்டுக்கு முன்னாலேயே கயலுக்குப் பூ வைத்தார்கள்.

என் வீட்டுக்காரர் மட்டும் சாயங்காலம்வரை என் பின்னாலேயே வந்தார். "இன்னொருக்காச் சொல்லேன், சரியாக் காதுல விழலை." நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கயல் இப்போது திருமங்கலத்தில் இருக்கிறாள். அந்த வீட்டில் வேடிக்கைக்காக எல்லாரும் எங்கள் இரண்டு பேர் வார்த்தையையும் சொல்லிச் சொல்லி, அதுவே பேச்சாகிவிட்டது. அவள் மகளுக்கு அந்தப் பொருள்களுக்கு வேறு பெயர் உண்டு என்பதே தெரியாமல் போயிற்று. போன தீபாவளிக்குக் கடையில் கூட்டம் நெரியும்போது, வெளியூர்க்கார அம்மா ஒருத்தி பால்கோவாவைக் காட்டி, "பாப்பா, இது எதுல செஞ்சது?" என்று கொஞ்சிக் கேட்டிருக்கிறாள்.

குழந்தை கல்லாப்பெட்டிமேல் ஏறி நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னதாம்.

"எங்க கடையில எல்லாமே வெள்ளைத்தண்ணியும் மணலும்தான்!"

குரல் அப்படியே என் குரல் என்கிறார்கள்.