போடி ரயிலைக் காக்க எடுத்த படம்

ரயிலை ஓட்டிக் காப்பாற்றிய ஊர்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. படம் எடுத்தே காப்பாற்றத் துணிந்த பெருமை போடிநாயக்கனூர் ஒன்றுக்கே உரியது.

யுத்தத்துக்குப் பிடுங்கிப்போன தண்டவாளத்தை மறுபடி போட்டு ரொம்ப நாள் ஆகவில்லை. அதற்குள், இருந்த ஒரே ரயிலான சாயங்கால ரயிலில் ஆளே ஏறுவதில்லை, நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்துவிட்டது. ஊர் கொதித்தது. கொதித்த கையோடு 'ரயில் பாதுகாப்புச் சங்கம்' உதயமாயிற்று. தலைவர் மொக்கச்சாமி மதுரைக்கு இரண்டு பஸ்சு விடுகிறவர். போக்குவரத்தில் அவரைவிட 'அக்கறை' வேறு யாருக்கு இருக்கும்?

சங்கம் கூடி யோசித்தது. ரயிலில் ஏறலாமே என்று ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவு அற்பமான யோசனைக்கா கூட்டம் போடுவது? ரயில் கொள்ளாத கூட்டமாக ஒரு படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புவதென்று 'ஏகமனதாக' முடிவு செய்து, அந்தச் சோலியை ஸ்டுடியோ ஜக்கையனிடம் ஒப்படைத்தார்கள்.

ஜக்கையன் சும்மாவே எடுத்துத் தருகிறேன் என்றான். காரணம் இருந்தது. அவன் பெண்சாதி செல்லக்கிளி தலைப்பிரசவத்துக்கு உசிலம்பட்டி போய், ஆண் பிள்ளையோடு தாய்வீட்டில் இருந்தாள். மூணாம் மாசம் முடிந்துதான் அனுப்புவார்கள். அவளுக்கோ பஸ்சு வாடை பட்டாலே குடலைப் புரட்டும்.

"ரயிலு ஓடுனா வர்றேன். இல்லாட்டி நீங்க இங்கிட்டு வந்து கடையப் போடுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

மாமனார் வீட்டில் காலம்பூரா உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தாலே ஜக்கையனுக்கு வேர்த்தது.

படம் எடுக்கும் நாளில் பக்கத்துக் கிராமங்களான சிலமலை, ராசிங்காபுரத்து ஆட்களை மொக்கச்சாமி தன் பஸ்சிலேயே இலவசமாகக் கொண்டுவந்து இறக்கினார். ஏலத்தோட்டத்திலிருந்து சந்தைக்கு இறங்கியவர்களையும் விடவில்லை. ஜன்னலுக்கு நாலு தலை, கூரைமேல் இரண்டு வரிசை. மொக்கச்சாமி பட்டுத்துண்டோடு எஞ்சின் படியில் நின்றார். புகையும் பின்னால் மலையும் சேர்ந்து விழ வேண்டுமென்று ஜக்கையன் காமிராவைத் தள்ளித் தள்ளி வைத்தான். மலை எங்கே ஓடிவிடப் போகிறது, மூஞ்சி தெரிகிறதா பார் என்று தலைவர் அதட்டினார். அவனும் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, மூஞ்சி மூஞ்சியாகப் பார்த்து எடுத்தான்.

எடுத்ததும் 'பயணிகள்' அத்தனை பேரும் இறங்கி, வெரசாகப் பஸ்சுக்கு ஓடினார்கள். ஏற்கெனவே டிக்கெட் வாங்கி வைத்திருந்த ஜக்கையன் பிள்ளையைப் பார்க்க உசிலம்பட்டிக்கு ஏறினான். ஒரு பெட்டி பூராவும் அவனும் காமிராவும்தான்.

படம் பிரமாதமாக வந்தது. மேலிடத்துக்குப் போனது. கொஞ்ச நாளில் ஓர் அதிகாரி அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போடிக்கு வந்து, இத்தனை தெளிவான படத்தைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று மனசாரப் பாராட்டினார்.

"படம் எடுத்த அன்னிக்குச் சாயங்காலம் இங்கே வித்தது ஒரே டிக்கெட். மத்தவங்களைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

ஒருவருக்கும் தன் முகம் அடையாளம் தெரியவில்லை. கூரைமேல் இருப்பது காலமாகிவிட்ட தன் அண்ணன் என்றார் ஒருவர். எஞ்சின் படியில் நிற்பவரைத் தாம் பார்த்ததே இல்லை என்று மொக்கச்சாமி சத்தியம் செய்தார். ஏறுகிற கூட்டமெல்லாம் ஓசிக் கூட்டம் என்று எழுதிக்கொண்டு அதிகாரி போனார். அடுத்த மாசத்திலிருந்து சாயங்கால ரயில் நின்றது.

சங்கம் அவசரமாகக் கூடியது. பொதுமக்களின் கஷ்டத்தை 'உத்தேசித்து' அதே நேரத்துக்குத் தம்முடைய மூணாவது பஸ்சு புறப்படும் என்று தலைவர் அறிவித்தார். கைதட்டல் அடங்கவில்லை. ஜக்கையன் தன்னிடமிருந்த படத்தின் இன்னொரு பிரதியை நீட்டிக்கொண்டு எழுந்தான்.

"நாலு பேரு டிக்கெட் எடுத்திருந்தா எம் பிள்ளை வீடு வந்து சேந்திருக்கும்ணே."

மொக்கச்சாமி படத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு முகமாக விரல் வைத்து நிதானமாகத் தேடினார். அப்புறம் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"ரயிலுக்காக ஊரே வந்து நின்னிருக்கு அப்பு. இதுல இல்லாதவன் நீ ஒருத்தன்தான்."