முசியே கற்றுத் தந்த பிரெஞ்சு

ஒரு காலத்தில் குற்றாலத்துக் குரங்குகளுக்குக்கூடப் பிரெஞ்சு தெரியும். சிரிக்காதீர்கள், சத்தியமாகத் தெரியும். கற்றுக் கொடுத்தவர் முசியே.

தென்காசி ஸ்டேஷனுக்கும் குற்றாலத்துக்கும் குதிரை வண்டி ஓட்டியவர் அவர். முதல் மகாயுத்தத்தில் பிரான்ஸுக்குப் போய், பட்டாளத்தின் கோவேறு கழுதைகளை ஓட்டிவிட்டு வந்தவர். திரும்பி வந்ததும் எதிர்ப்பட்டவரையெல்லாம் 'முசியே' என்று, பிரெஞ்சில் 'ஐயா' போட்டுக் கூப்பிட்டார். ஊரும் அவரை அப்படியே கூப்பிட்டது. சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

வண்டிக்குள் குரங்கு தாவினால், "ஃபூ ல காம்!" என்று ஒரு குரல் கொடுப்பார். அது பழத்தைப் போட்டுவிட்டு ஓடும்.

"போயிட்டு வாங்கன்னு மரியாதையாச் சொன்னா குரங்குகூடக் கேக்கும்லே" என்பார்.

ஒரு சாரல் சமயத்தில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சு வியாபாரி மனைவியோடு வந்து குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கினார். இங்கிலீஷ் எழுதத் தெரிந்த குமாஸ்தா வேண்டுமாம். பிரெஞ்சும் தெரிந்தால் விசேஷமாம். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் வசவு தின்றுகொண்டிருந்த நான், பிரெஞ்சு படிக்க நேரே முசியேயின் வண்டியில் ஏறிவிட்டேன்.

"பொம்பளயாளப் பாத்தா மொதல்ல 'வியேய் வாஷ்'னு சொல்லணும். மகராசின்னு அர்த்தம். பட்டாளத்து ஆஸ்பத்திரில ஒரு பெரிய நர்ஸம்மா உண்டு. அவ தலை மறஞ்சதும் என் பிரெஞ்சுக்காரச் சிநேகிதன் அப்படித்தான் சொல்லுவான்."

"தலை மறஞ்ச பொறவா?"

"மரியாதய மொகத்துக்கு நேராவா காட்டுவாவ? கேளுலே. எதிராளி பேசி முடிச்சா 'தா கேல்'ங்கணும். நல்லாச் சொன்னீயன்னு அர்த்தம்."

பங்களாவில் துரையும் அம்மாளும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து கும்பிட்டு, "பொன்ழூர், வியேய் வாஷ்!" என்றேன்.

அம்மாளின் கோப்பை வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது.

துரை சிவந்துபோய் ஏதோ கத்தினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து, "தா கேல்!" என்றேன், பணிவாக.

அவர் கைத்தடியை எடுத்தார். சரி, விடைபெறுகிற நேரம் வந்துவிட்டது என்று, "ஃபூ ல காம்!" என்று இன்னொரு கும்பிடு போட்டேன்.

அம்மாள்தான் தடியைப் பிடித்து நிறுத்தினாள். நான் சொன்னவற்றை இங்கிலீஷில் எனக்கே பெயர்த்துச் சொன்னாள். அவளைக் கிழட்டு மாடு என்றிருக்கிறேன். துரையை வாயைப் பொத்தச் சொல்லி, அவர் பங்களாவை விட்டு அவரையே ஓடிப்போகச் சொல்லியிருக்கிறேன். உத்தியோகம் அருவியோடு போயிற்று என்பது புரிந்தது.

"யார் சொல்லிக் கொடுத்தது?"

வாசலில் வண்டியோடு நின்றவரைக் காட்டினேன். கூப்பிட்டாள். முசியே பட்டாளத்து சலாம் ஒன்று வைத்து, அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரிய, "வியேய் வாஷ்!" என்றார்.

துரை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். அம்மாளோ முசியேயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே படித்தாய் என்று கேட்கச் சொன்னாள், கேட்டேன்.

"குளிருன்னா அப்படி ஒரு குளிரு தம்பி. மத்த வெள்ளக்காரன் ஒருத்தனும் எங்கள ஏறிட்டுப் பாக்கமாட்டான். அந்தச் சிநேகிதன் ஒருத்தன்தான் கழுதையக் கட்டிட்டு வந்து பக்கத்துல உக்காருவான். சுருட்ட ஒடிச்சுப் பாதியக் குடுப்பான். முதுகுல தட்டித் தட்டி இந்த வார்த்தையெல்லாம் சொல்லுவான். பெறகு அவன் மேல குண்டு விழுந்துட்டு. பாஷை மட்டும் என்கிட்ட நிக்கி."

நான் அம்மாளுக்கு இங்கிலீஷில் சொன்னேன். அவள், "உன் பட்டாளத்துச் சிநேகிதன் பொல்லாத போக்கிரி. இவையெல்லாம் வெறும் வசவு, இனி யாரிடமும் சொல்லாதே என்று இவரிடம் சொல்" என்றாள்.

முசியே ஆவலோடு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா என்னலே சொல்லுதாவ?"

"இவ்வளவு சுத்தமான பிரெஞ்சைப் பாண்டிச்சேரியிலகூடக் கேட்டதில்லைன்னு சொல்லுதாவ, அண்ணாச்சி."